ஆறங்குலத் திரையில் அடங்காத தமிழ்

ஆறங்குல மின்னூல் வாசிப்பானைக் குறை சொல்லும் முன் அதன் சிறப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். மேட்டூரிலிருந்து பாலாற்றுச் சோதனைச்சாவடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்தில், சன்னலோர இருக்கையில் அதைச் சோதித்துப் பார்த்தேன். உச்சி வெயில் நேராக விழுந்தும் எழுத்து மங்கவில்லை. அதே வெளிச்சத்தில் கைப்பேசித் திரையில் என் முகம்தான் தெரிந்தது. இ-இங்க் திரைக்குள் இருப்பவை கறுப்பு, வெள்ளை நுண்துகள்கள். பக்கம் மாறும்போதுதான் அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அதனால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. (கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியதற்குக் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது.)

சிக்கல் தமிழ்ப் பக்கத்தின் அமைப்பில் இருக்கிறது. கண்ணுக்கு இதமான எழுத்தளவு வைத்தால் வரிக்கு மூன்று நான்கு சொற்களுக்கு மேல் கொள்வதில்லை. விகுதியும் வேற்றுமையும் ஒட்டி நீண்ட சொல், இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிட, மேல்வரியில் சொற்களுக்கிடையே பள்ளம் விழுகிறது. நம் அச்சகங்களில் சொல்லை நடுவில் உடைத்து, இடைக்கோடுகூடப் போடாமல் கீழே தள்ளிவிடுவார்கள். நாமும் தடங்கலின்றிப் படித்துப் பழகிவிட்டோம். என் கருவிக்கு அந்தத் துணிச்சல் இல்லை. வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்கும் வசதி இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

பழைய கருவிகளில் இதைவிட மோசம். தமிழ் எழுத்துகளே சிதைந்தன. 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் ஒவ்வொரு நூலையும் இ-பப், ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு ஆறங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் ஆகவும் தந்தது ஒரு கெட்டிக்காரத்தனமான ஒட்டுவேலை. அமேசான் தன் கிண்டில் பதிப்புச் சேவையில் தமிழை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 2016 டிசம்பரில்தான். அதன்பின் புதிய நாவல்களையும் சிறுகதைகளையும் கிண்டிலில் படிப்பது சுகமாகிவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களும் ஒருங்குறி எழுத்தாக இருப்பதால் ஓரளவு பொருந்திப்போகின்றன.

ஆனால் தமிழின் பெருஞ்செல்வம் எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம், இன்டர்நெட் ஆர்க்கைவ் எங்கும் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த பக்கங்கள். டெம்மி அளவுப் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. ஆறங்குலத் திரையோ சுமார் 9க்கு 12. முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் பத்துப் புள்ளி எழுத்து ஆறு புள்ளிக்கும் கீழே போய்விடும். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் அடிக்குறிப்பும் பாடபேதமும் எறும்பு வரிசையாகிவிடும். பெரிதாக்கினால் திரை இடமும் வலமும் நகர்ந்து மினுங்குகிறது, இ-இங்க் மந்தகதிக்காரன். கேஓரீடர் போன்ற கட்டற்ற மென்பொருளில் ஓரங்களை வெட்டிப் படிக்கலாம். அதை நிறுவும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது.

இன்னொரு குறை உரிமை பற்றியது. 2009 ஜூலையில் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை, விற்றவருக்கு உரிமையில்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வழியையும் 2025 பிப்ரவரியில் மூடியது. அச்சுப் புத்தகம் போலக் கைமாற்றாகக் கொடுக்கவும் வழியில்லை.

ஆகவே புதுப்புனைவு படிப்பவருக்கு ஆறங்குலம் போதும்; ஆய்வாளருக்கும் பழைய பதிப்புகளைத் தேடுபவருக்கும் அது பணவிரயம், பத்தங்குலக் கருவிக்குக் காத்திருக்கலாம். பழியில் சரிபாதி நம்முடையது. தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் நாட்டுடைமை நூல்களை ஓசிஆர் செய்து, மெய்ப்புப் பார்த்து, இ-பப் ஆக எடுக்கும்படி வைக்கிறார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் மின்னூலகங்களும் ஸ்கேனோடு நின்றுவிடாமல் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, வாங்கப் போகிறவர்கள் நண்பரின் கருவியில் தமக்குத் தேவையான ஒரு பழைய தமிழ்ப் பிடிஎஃபை ஏற்றி, பத்துப் பக்கமாவது படித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.