பேரு போடாத விரல்

பாட்டக் கேட்டா பாடுறவங்க பேரு தெரியும். அடியில நின்னு பாட்டத் தாங்குறவன் பேரு யாருக்குத் தெரியும்?

1960களில் டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனி இசைத்தட்டுகளில் நாலு தந்தி பேஸ் கித்தார் வாசித்த கறுப்பினக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1964இல் வந்த ‘மை கேர்ள்’ பாட்டைத் தொடங்கி வைப்பதே அவருடைய பேஸ்தான். ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தந்தியைச் சுண்டினார். டிரம்ஸோடு சேர்ந்து தாளத்தைப் பிடித்ததும், பாடகருக்கு எதிராக இன்னொரு மெட்டை ஓட்டியதும் அந்த ஒத்தை விரல்தான். 1968இல் ஸ்டீவி வொண்டர் பாடி வெளிவந்த ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ கேளுங்கள். பேஸை எடுத்துவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

ஆனா தட்டின் உறையில பேரு கெடையாது. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தட்டில்தான் மோடவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை முதன்முதலாக அச்சிட்டது. அடுத்த ஆண்டே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. ஜேமர்சன் 1983இல், 47 வயதில் செத்துப்போனார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல்.

மோடவுனை நடத்தியவரும் கறுப்பர்தான். இதை மறைக்கக் கூடாது. நம்மாளு முதலாளி ஆயிட்டா மட்டும் உழைச்சவன் பேரு உறையில ஏறிடாது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.