சட்டத்துக்கு வெளியே நிற்கும் அப்பா

ரவிவர்மாவின் 'அதோ அப்பா வருகிறார்' என்ற ஓவியத்தைப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி எதுவும் இல்லை. மூல ஓவியத்தை நான் பார்த்ததில்லை. என்னிடம் இருப்பது அதன் வர்ண அச்சு ஒன்று மாத்திரமே. புங்குடுதீவில் சிறிய பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். படம் பார்த்துக் கதை சொல்லும் பாடத்துக்கு அந்த அச்சைப் பல வருடங்களாக எடுத்துச் செல்கிறேன். அந்தப் பழக்கம் தந்த உரிமையில்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

ஓவியம் 1893இல் தைலவர்ணத்தில் தீட்டப்பட்டது. குழந்தையைத் தூக்கியபடி ஓர் இளம் தாய் நிற்கிறாள். அருகே ஒரு நாய். தாயும் பிள்ளையும் படத்தின் இடப்பக்கம் நோக்குகிறார்கள். அங்கே அப்பா வருகிறார் என்று தலைப்புச் சொல்கிறது. ஆனால் படத்தில் அப்பா இல்லை.

வீடு திரும்பும் தகப்பன் என்பது விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியர்களுக்கு மிகவும் பிடித்த பொருள். ஆர்தர் ஹியூஸ் 1861இல் காட்சிக்கு வைத்த 'வேலையிலிருந்து வீட்டுக்கு' என்ற ஓவியத்தில், உழைத்துக் களைத்த தகப்பன் வாசலில் குனிந்து பிள்ளையை முத்தமிடுகிறான். அங்கே தகப்பன்தான் வீட்டின் நடு. ஐரோப்பியப் பாணியில் தேர்ந்த ரவிவர்மா அதே பொருளை எடுத்தார். ஆனால் தகப்பனைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஏன்?

விடை ஓவியம் பிறந்த மண்ணில் இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் ரவிவர்மாவின் மகள் மகாபிரபாவும் அவருடைய மகனும். அவர்கள் மாவேலிக்கரைக் குடும்பத்தார். அங்கே வழி தாயின் வழி; பிள்ளைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவர்கள். மருமக்கத்தாயம் என்று பெயர் பெற்ற இந்த முறையில் தகப்பன், மனைவியின் வீட்டுக்கு வந்து போகிறவர். மலபாரில் இத்தகைய மண உறவுகளைப் பதிவு செய்து சட்டபூர்வமாக்க இடமளித்த மலபார் திருமணச் சட்டம் வந்தது 1896இல்; அதாவது ஓவியத்துக்கு மூன்று வருடம் பிந்தி. ஜி. அருணிமா, கேரளத் தாய்வழி முறையின் மாற்றம் பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்கு இந்த ஓவியத்தின் பெயரையே தலைப்பாக வைத்தது இதனால்தான். வந்துகொண்டிருப்பவர் ஒரு மனிதர் மட்டுமல்ல. தகப்பனைத் தலைவனாகக் கொண்ட ஒரு புதிய குடும்பம்.

இது நமக்கு எட்டாத தூரத்துக் கதையல்ல. ஆசிரியர் கலாசாலை விடுதியில் என்னோடு இருந்த அக்கரைப்பற்று நண்பர், தங்கள் முஸ்லிம் ஊர்களில் குடி தாய்வழியே வருவதையும், கல்யாணத்தோடு வீடு பெண்ணுக்குப் போவதையும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவதையும் எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். எங்கள் தீவிலும் சீதன வீடு பெண்ணுடையதே. "அதோ அப்பா வருகிறார்" என்று ஒரு பெண் தன் சொந்த வாசலில் நின்று சொல்வதன் கனம் நம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு. மகளுக்கு அப்பா அந்த ஓவியர்தான். பரோடா, மைசூர், பம்பாய் என்று தொழிலுக்காக அலைந்தவர் ரவிவர்மா. தூரிகையோடு அவர் நின்ற இடமும் சட்டத்துக்கு வெளியேதான். வெளியே நிற்கும் தகப்பன், உள்ளே தன்னை எதிர்பார்க்கும் முகங்களைத் தானே தீட்டிக்கொள்கிறான் என்றும் இந்தப் படத்தை வாசிக்கலாம்.

ரவிவர்மாவைக் 'கலண்டர் ஓவியர்' என்று ஒதுக்குவோர் இதைக் கவனிப்பதில்லை. ஆனாலும் என் மனக்குறை வேறு. இந்த வீட்டில் காத்திருப்பின் பாரம் இல்லை. வருவார் என்ற உறுதி முன்கூட்டியே தரப்பட்டுவிடுகிறது. அந்த உறுதியைத் தருவது வர்ணமா, தலைப்பா?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவள் ஒரு மாணவி. எங்கள் ஊர் ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்துப் பிழைத்தவர்கள். போர் தொடங்கிய பின் கடல் கடந்தும் போனார்கள். 1991இல் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வேலணையிலிருந்து பாலத்தைத் தாண்டி வரும் பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பது இங்குள்ள பிள்ளைகளுக்குப் பழக்கம். ஒரு நாள் தலைப்பைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டி, "இவர்கள் யாரைப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டேன். பலரும் பலதைச் சொன்னார்கள். அவள் எழுந்து, "அப்பாவை அனுப்பிப்போட்டுப் பார்த்துக்கொண்டு நிக்கினம், சேர்" என்றாள்.

அச்சைத் திரும்பப் பார்த்தேன். அவள் சொன்னதை மறுக்க அதில் ஒன்றும் இல்லை. வருகிறவரைப் பார்க்கும் கண்ணும் போகிறவரைப் பார்க்கும் கண்ணும் ஒரே திசையில்தான் நிலைக்கின்றன. தலைப்பை எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு இரண்டு பொருளும் பொருந்தும். அதுவே ஓவியரின் திறமை. விக்டோரியாப் பாணித் தலைப்பு அதில் பாதியை மறைத்துவிட்டது என்பதே என் கட்சி.

என் பாடக் குறிப்பில் விடை 'தந்தையின் வருகை' என்றிருந்தது. அதை நான் வெட்டவில்லை. அதன் கீழே அவளுடைய விடையையும் எழுதி, இரண்டுக்கும் முழுப் புள்ளி என்று குறித்து வைத்தேன்.