தட்டிப் பார்த்தால் போதுமா?

மண்சட்டி வாங்குபவர் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்று கேட்டால் சட்டி நல்லது. சத்தம் செத்திருந்தால் எங்கோ கீறல். காயம்பட்ட கட்டடங்களை ஆராயும் துறையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விறைப்பு குறைந்தால் இயல்பு அதிர்வெண் இறங்கும். தூணில்லாத அகன்ற குவிமாடங்களிடம் மட்டும் இந்த உத்தி ஏமாந்துபோகிறது.

உலோகத்தாலான மெல்லிய கோள ஓடு ஒன்று சீராக 10 வீதம் தேய்ந்ததென்று வைத்துக்கொள்வோம். விறைப்பும் எடையும் சேர்ந்தே குறைவதால் அதன் முக்கிய அதிர்வெண்கள் அநேகமாக மாறா. நெளிவைத் தாங்கும் திறனோ தடிப்பின் இருமடியைப் பொறுத்தது; அது 19 வீதம் போய்விடும். குரல் அப்படியே இருக்க, வலு கரைந்துவிடுகிறது.

வடிவப் பிழை இதைவிடக் கொடியது. ஓட்டின் தடிப்பளவே உள்ள சிறு கோணல்கூடத் தாங்குதிறனை வெகுவாகச் சரிக்கும் என்பதற்கு டச்சு அறிஞர் கோய்ட்டர் 1945இல் கணித அடித்தளம் இட்டார். திடீர்ச் சுமையில் குவிந்தது குழியாகும் கணத்தை எப்படி அடையாளம் காண்பதென்று 1962இல் ஆய்வாளர்கள் புடியான்ஸ்கியும் ரோத்தும் வகுத்தனர்: சுமையைச் சற்றே கூட்டும்போது அசைவு சட்டென்று தாவினால், அதுவே எல்லை. 1973இல் ஸ்கொட்லாந்தின் ஆர்டியரில் குளிர்விப்புக் கோபுரம் ஒன்று பெரும்புயல் இல்லாமலே விழுந்தது. அதன் சுவரின் வடிவப் பிழையே காரணமெனக் கண்டார்கள்.

சீனாவின் ஹார்பினில் ஷென் ஷிஜாவ், ஃபான் ஃபெங் ஆகியோரின் ஆய்வுகள் உருக்குக் கம்பிவலைக் குவிமாடங்களை நிலநடுக்கத்தின் கீழ்ப் பார்த்தன. ஒவ்வோர் ஆட்டத்திலும் சில உறுப்புகள் நிரந்தரமாக வளைகின்றன. அடுத்த ஆட்டத்தை எதிர்கொள்வது பழைய குவிமாடமல்ல, கோணிப்போன இன்னொன்று.

மட்டக்களப்பு வாவிக் கரையில் இந்தக் கணக்கு ஏட்டோடு நிற்பதில்லை. 1924இல் எழுந்த கல்லடி லேடி மனிங் பாலம் குவிமாடமல்ல, உருக்குச் சட்டகம். ஆயினும் உப்புக் காற்று இரண்டையும் ஒரே மாதிரித்தான் தின்னும், அதுவும் மூட்டுகளில் குழிகுழியாக. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்து பழையதன் சுமையை இறக்கியது. குவிமாடக் கூரைக்கு அந்த வசதி இல்லை. சூறாவளியில் தப்பிய கூரை அடுத்ததையும் தாங்குமென்று நம்புவது, கீறல் விழுந்த சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றுவதுதான்.

இந்த வாவியின் பாடும் மீனின் ஒலியைக் கேட்கத் துடுப்பை நீரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார்கள். கூரைக்கும் காது கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு சூறாவளிக்குப் பின்னும் அதன் வளைவையும் உறுப்புகளின் தடிப்பையும் அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தக் காதை நம்பக்கூடாது.