தோரோ சொல்லாமல் விட்ட மூன்று வாரம்

'வால்டன்' பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர், "அந்தாளு துணியை அவங்க அம்மாதானே துவைச்சாங்க" என்று ஆரம்பிப்பார். அந்தக் குற்றச்சாட்டு எனக்குப் பொருட்டே இல்லை. என்னை உறுத்துவது வேறொன்று: அந்த வீட்டின் முதல் குளிர்காலம்.

ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் குடியேறியது 1845 ஜூலை 4. அன்றைக்கு அது முழு வீடு இல்லை, மழைக்கு ஒதுங்கும் மரக்கூடு. 15 அடிக்கு 10 அடி. சுவரில் பூச்சு கிடையாது, புகைபோக்கி கிடையாது, பலகை இடுக்கில் காற்று வரும். சமையல் வெளியே தரையில். மாசசூசெட்ஸ் கோடைக்கு இது தாராளம். ஜனவரிக்கு?

அவரே கொடுத்திருக்கும் செலவுக் கணக்கை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன் (தொழில் புத்தி, விடாது). பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். சுண்ணாம்பு 2.40. பூச்சைத் தாங்கும் மெல்லிய மரப்பட்டைகள் 1.25. பூச்சில் கலக்கும் மயிர் 31 சென்ட். கணப்பு முகப்புக்கு இரும்பு 15 சென்ட். ஆக 8.11 டாலர். வீட்டின் மொத்தச் செலவு 28.12½ டாலர். அதாவது கிட்டத்தட்ட 29 சதவீதம் குளிரைச் சமாளிக்க மட்டும் போயிருக்கிறது. மனுஷன் பைசா மறைக்கல. சும்மா சொல்லக்கூடாது, இவ்வளவு நேர்மையான பட்ஜெட்டை எங்க ஆபீஸ் ப்ராஜெக்டுகளில்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் காலண்டர் விஷயத்தில் அப்படி இல்லை. உறைபனி வரும்வரை பூசாமல் இருந்ததையும், அக்கரையிலிருந்து படகில் வெள்ளை மணல் கொண்டுவந்ததையும் ரசித்து எழுதுகிறார். ஈரப்பூச்சு காயும்வரை ஆள் எங்கே இருந்தார்? புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது: பூச்சு வேலைக்காக நவம்பர் 12 இரவு வீட்டை விட்டுக் கிளம்பியவர், டிசம்பர் 6-ஆம் தேதிதான் திரும்புகிறார். 24 நாள்! அப்பா அம்மா இருந்த கன்கார்ட் ஊர் ஒன்றரை மைல் தூரம்தான்.

இதனால் அவரைப் போலி என்று சொல்ல வரவில்லை. ஈரச்சுவருக்குள் படுத்து நிமோனியா வாங்குவது தத்துவம் ஆகாது. என் வருத்தமே வேறு. இருபத்தைந்து வயதில் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, வேலையை விட்டு மலைப்பக்கம் ஒரு குடிசை என்று பதினைந்து வருஷம் மனசுக்குள் கணக்குப் போட்டவன் நான். என் எக்செல் ஷீட்டில் செங்கலுக்கு வரி இருந்தது. 'போய்த் தங்க ஒரு வீடு' என்ற வரி இல்லவே இல்லை. அந்த 24 நாளை அவர் புத்தகத்தில் எழுதியிருந்தால், என்னை மாதிரி ஆட்களுக்கு நிஜமாகவே உபயோகமாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும், புத்தகத்தில் எனக்குப் பிடித்த பகுதி குளிர்கால அத்தியாயங்கள்தான். முன்பாதியில் உபதேசம் தூக்கல். குளிர் வந்ததும் ஆள் மாறிவிடுகிறார். தீப்பொறி பறந்து படுக்கையில் கையகலம் கருகியது, நிலவறையில் மூன்றில் ஒரு உருளைக்கிழங்கை எலிவகை ஏதோ கொறித்தது, உறைந்த பனிமேல் நின்று குளத்தின் ஆழம் 102 அடி என்று அளந்தது: எல்லாம் வேலை தெரிந்தவன் எழுத்து. இரண்டாவது குளிர்காலத்தில் விறகு மிச்சம்பிடிக்க ஒரு சின்ன இரும்பு அடுப்பு வைக்கிறார். கணப்புத் தீ கண்ணுக்கு மறைந்ததும் கூட இருந்த ஒரு துணை போய்விட்டதாக ஏங்குகிறார். இந்த ஏக்கத்தை எழுதத் தெரிந்தவருக்கு அந்த மூன்று வாரத்தை எழுதவா வராது?

வீடு இப்போது இல்லை. பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1945-இல், ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் அந்த இடத்தைத் தோண்டி வீடு நின்ற இடத்தைக் கண்டுபிடித்தார். மண்ணுக்கடியில் அவருக்குக் கிடைத்தது புகைபோக்கியின் அஸ்திவாரம்.