‘வாழை’: பதிவேட்டில் தெரியாத சனிக்கிழமை

மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024-ல் வந்தபோது எழுதப்பட்டதில் பெரும்பகுதி அந்த லாரி விபத்தைப் பற்றியும், கடைசிப் பகுதி அழ வைத்ததைப் பற்றியும்தான். எனக்கு அதற்கு முந்தின பகுதிதான் முக்கியம். படிப்பைப் பற்றி இந்தப் படம் சொல்வதில் ஒன்று ரொம்பச் சரி. இன்னொன்று எனக்கு ஒப்பவில்லை.

தூத்துக்குடின்னா வெளியூர்க்காரர்களுக்கு ஹார்பர், உப்பளம், அந்தக் காலத்து முத்துக்குளிப்பு. மாவட்டத்துக்குள்ளே தாமிரபரணிக் கரையோடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் வாழை. இயக்குநரின் புளியங்குளம் அங்கேதான் இருக்கிறது. படத்துச் சிவனணைந்தான் நன்றாகப் படிக்கிற பையன். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம், லீவு நாளில் காய் சுமக்கணும். அம்மா அட்வான்ஸ் வாங்கிவிட்டாள், போய்த்தான் ஆகணும்.

இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அரசாங்கக் கணக்கில் இவன் பள்ளிக்கு வெளியே இருக்கிற பிள்ளை இல்லை, இடைநின்றவனும் இல்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, வருகையும் இருக்கிறது. சனி, ஞாயிறில் கழுத்து நோகத் தார் சுமந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கதை 1990-களில் நடக்கிறது, இப்போது சட்டம் இருக்கே என்பார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறது, நல்லது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் முடிந்தபிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். வியாபாரிக்குக் காய் சுமப்பது குடும்பத் தொழில் இல்லைதான். ஆனால் அம்மாவும் அக்காவும் பக்கத்திலேயே சுமக்கும்போது, எது குடும்ப உதவி, எது கூலி வேலைன்னு வயலுக்கு வந்து யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? கடனுக்காக உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. படத்தில் அட்வான்ஸ் அதற்கப்புறமும் சௌக்கியமாக இருக்கிறது.

இதுவரை சரி. ஒப்பாதது, பள்ளிக்கூடம். படத்தில் அது சொர்க்கம். பூங்கொடி டீச்சர், கைக்குட்டை, நடன ஒத்திகை எல்லாம் அழகுதான். சாதி முழுக்க வயலில் இருக்கிறது, பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி விட்ட மாதிரி வெளியே நின்றுவிடுகிறது. இதே இயக்குநர்தான் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்தவர். அங்கே இங்கிலீஷ் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பதே அவமானம். அவன் அப்பாவையும் மாணவர்கள் விட்டுவைக்கவில்லை. கல்லூரியில் அவ்வளவு பார்த்தவருக்குக் கிராமத்துப் பள்ளியில் ஒன்றுமே தட்டுப்படவில்லையா? சின்னப் பையன் கண் வழியாகப் பார்க்கிற படம் என்று சமாதானம் சொல்லலாம். யார் யாரோடு உட்காரலாம் என்பது அந்த வயசுப் பிள்ளைக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

படம் வந்த நேரத்தையும் பாருங்கள். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கட்டக்கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டே மாதத்தில் ‘வாழை’. தூத்துக்குடி மாவட்டத்திலேயே, எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில், சமைத்தவர் தலித் பெண் என்பதால் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. 2023 செப்டம்பரில் கனிமொழி போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. படத்துக்கப்புறம் 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சைக்குப் போன பிளஸ் ஒன் மாணவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின.

சேர்த்துவிட்டால் போதும் என்கிற கணக்கு வேறு நாடுகளிலும் உண்டு. ரோமா மக்களின் பூர்வீகம் வட இந்தியா என்று அவர்களுடைய மொழியே காட்டுகிறது. ஐரோப்பாவில் அவர்களை ஜிப்ஸி என்று இளக்காரமாகச் சொல்வார்கள். செக் நாட்டின் ஆஸ்த்ராவா நகரில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் போட்டிருந்தார்கள். 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கில், இது பாகுபாடுதான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பிள்ளைகளின் பெயரும் பதிவேட்டில் இருந்தது.

கூலியை ஒரு ரூபாய் ஏற்றிக் கொடுத்த வியாபாரி வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க, ஆட்கள் லோடு மேலேயே உட்கார்ந்து வந்து சாகிறார்கள். அதில் சிவனணைந்தானின் வகுப்புத் தோழன் சேகரும் ஒருவன். படம் சாவு வீட்டோடு முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை பூங்கொடி டீச்சர் வருகை எடுக்கும்போது சேகர் பெயர் வரும் இடத்தில் என்ன செய்தார் என்பதை மாரி செல்வராஜ் எடுத்திருக்கலாம்.