எட்டாவது வரி

ரிக்கவரி இமேஜை ஆண்ட்ராய்டு போனுக்குள் இறக்குவதற்கு எத்தனையோ வழிகள் இருந்தாலும், ரூட் செய்த போனின் ஷெல்லுக்குள் நுழைந்து, டாலர் குறி ஹாஷ் குறியாக மாறியதைக் கண்ணால் கண்டு, டிடி கட்டளையைத் தன் கையாலேயே எழுத்தெழுத்தாகத் தட்டி, எண்டர் விசையின்மேல் விரலை வைத்தபடி முழு வரியையும் ஒருமுறை மறுபடி வாசித்தவர்களுக்குத்தான் அந்தக் காரியத்தின் கனம் தெரியும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். டிடி எதையும் கேட்காது. எங்கிருந்து எடுக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் போதும். ரிக்கவரி என்று எழுத வேண்டிய இடத்தில் பூட்லோடர் குடியிருக்கும் பார்ட்டிஷனின் பெயரை நாம் எழுதியிருந்தாலும், அதே வேகத்தில் எழுதி முடித்து, இத்தனை ரெக்கார்டுகள் உள்ளே வந்தன, இத்தனை வெளியே போயின என்று கணக்குச் சொல்லி நின்றுவிடும். இப்படி ஒரு கேள்வியும் கேளாத கருவியின் கையால் உள்ளே கொண்டுபோய் வைக்கப்படுகிற ரிக்கவரி, அங்கே போய் அமர்ந்த பிறகு ஒவ்வொரு விபரீதமான காரியத்துக்கும் பதினொரு வரிகளில் நம்மை விசாரிக்கிறதே, அந்த விசாரணையின் சௌந்தரியத்தில் மனத்தைப் பறிகொடுத்தவன் நான்.

நான் சொல்வது கிளாக்வொர்க்மாட் ரிக்கவரியை. அதிலும் தொடுதிரைக்கு இணங்கிப்போன வடிவத்தை அல்ல, வால்யூம் பொத்தான்களால் ஏறி இறங்கிப் பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்கிற 5, 6 ஆகிய பதிப்புகளை. கறுத்த திரையில் தொப்பியும் பற்சக்கரமும் பின்னணியாக நிற்க, அவற்றின்மேல் நீல எழுத்துகளில் மெனு வந்து அமர்கிற அந்தத் தோற்றத்தில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. கௌஷிக் தத்தா அலங்காரத்தில் சிரத்தை வைத்தவராக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய சிரத்தையெல்லாம் வேறோர் இடத்தில் இருந்தது.

ஒரு ஸிப் கோப்பைத் தேர்ந்தெடுத்து நிறுவச் சொன்ன மாத்திரத்தில் திரை மாறி, மேலிருந்து கீழாக ‘நோ’ என்ற சொல் ஏழு முறை எழுதியிருக்க, எட்டாவது வரியில் மட்டும் ‘யெஸ்’ என்பதும் அதையடுத்து நாம் செய்யப்போகிற காரியத்தின் பெயரும் நிற்க, அதற்குக் கீழே மறுபடி மூன்று ‘நோ’க்கள் வந்து முடிகிற அந்தப் பட்டியலைப் போல், ஒரு கருவி தன்னை ஆள்பவனிடம் கொண்டிருக்க வேண்டிய அக்கறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்ட வேறொன்றை நான் கண்டதில்லை. சுட்டி முதல் வரியில் வந்து நிற்கும். அவசரத்திலோ கைதவறியோ பவர் பொத்தானை இன்னொரு முறை அழுத்திவிட்டால் கிடைப்பது மறுப்புதான். யெஸ் நட்டநடுவில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பதினொன்றில் ஆறாவதல்லவா நடு? நடுவில் இருந்தால் கண் தானாக அங்கே போய் விழும். கடைசியில் இருந்தால் விரல் பார்க்காமலே இறங்கிவிடும். எட்டாவதில் இருப்பதால் எண்ணித்தான் ஆக வேண்டும். ஆதி தாளத்துக்குக் கைபோட்டுப் பழகியவர்கள், எட்டாம் எண்ணிக்கையில் கை திரும்புகிற அந்த வீச்சை இங்கே உணராமல் இருக்க மாட்டார்கள். முதல் வரியிலிருந்து மேல்நோக்கி அழுத்தினால் பட்டியலின் அடிக்கு வந்து விடலாம், அங்கிருந்து யெஸ்ஸுக்குத் தூரம் குறைவு என்று சிலர் கண்டுபிடித்துச் சொன்னதுண்டு. வழி இருக்கிறதென்பது வாஸ்தவம், ஆனால் நான் ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

இந்தப் பட்டியல் தத்தாவின் சொந்தச் சிருஷ்டி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூகுள் வெளியிட்ட ஆண்ட்ராய்டு மூலநிரலிலேயே, பயனரின் தரவு முழுவதையும் அழிக்கிற ஒரு வாசலில் இதே ஏழும் ஒன்றும் மூன்றும் காவல் நின்றன. தத்தா செய்தது அந்தக் காவலை மற்ற வாசல்களுக்கும் கொண்டுபோய் நிறுத்தியதுதான். ஸிப் நிறுவுவதா, பேக்கப்பை மீட்பதா, சிஸ்டம் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்வதா, டால்விக் கேஷைத் துடைப்பதா, எதுவானாலும் எட்டாவது வரிவரை நடந்து போக வேண்டும். ஓர் உத்தியைக் கண்டுபிடிப்பதைவிட அது எங்கெங்கே பொருந்தும் என்று அறிவதுதான் பெரிய ரசனை என்றால், அந்த ரசனை அவருக்கு இருந்தது.

இதை எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் விடுதியில் அடுத்த அறையில் இருந்த ஓர் அண்ணன். 2013-ல், கைக்கு வந்த நெக்ஸஸ் 4-ஐ ரூட் செய்து, ரிக்கவரியையும் ஏற்றிவிட்டேன் என்ற பெருமையில் போனைச் சாதாரணமாக ஒருமுறை அணைத்துத் திறந்துவிட்டு அவரிடம் கொண்டுபோனேன். வால்யூமைக் கீழே அழுத்திப் பவரையும் பிடித்து அவர் உள்ளே போய்ப் பார்த்தபோது, தொப்பியும் இல்லை, சக்கரமும் இல்லை. வயிறு திறந்து மல்லாந்து கிடக்கிற ஆண்ட்ராய்டு பொம்மையும் சிவப்பு முக்கோணமுந்தான் இருந்தன. “நேரே சிஸ்டத்துக்குப் போயிட்டியா தம்பி? அதுக்குள்ள பழைய ஆள் வந்து உட்கார்ந்துட்டான்” என்றார். தயாரிப்பாளரின் ரோமுக்குள் ‘இன்ஸ்டால்-ரிக்கவரி’ என்றொரு சிறிய ஸ்கிரிப்ட் உறங்குகிறது. ஒவ்வொரு முறை போன் விழிக்கும்போதும் ரிக்கவரி பார்ட்டிஷனில் இருப்பது தன்னுடையதுதானா என்று சரிபார்த்து, அந்நியமாக இருந்தால் பூட் இமேஜிலிருந்தே பழைய ரிக்கவரியைத் திரும்ப உருவாக்கி எழுதிவிடுகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். டிடியைப் போலவே அதுவும் யாரிடமும் கேட்பதில்லை.

மறுபடி ஏற்றினோம். இம்முறை சிஸ்டத்துக்குப் போகாமல் நேரே ரிக்கவரிக்குப் போய், அங்கிருந்து வெளியேற முயன்றபோது, இந்த ரோம் பழைய ரிக்கவரியைத் திரும்ப எழுதக்கூடும், சரிசெய்யட்டுமா என்று கிளாக்வொர்க்மாட் தானாகவே கேட்டது. கேட்டதும் அதே பட்டியலில்தான். சம்மதித்தால் அந்த ஸ்கிரிப்டின் இயங்கும் உரிமையைப் பறித்துவிடும். கோப்பை அழிக்காது, அசைய முடியாதபடி செய்துவிடும். தன் உயிருக்கே ஆபத்து என்ற நிலையிலும் பதினொரு வரிகளைக் குறைத்துக்கொள்ளாமல் நம் சம்மதத்துக்காகக் காத்திருந்த அந்த மரியாதையை இன்றைக்கும் வியந்துகொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நோவைக் கடக்கும்போதும் ஒரு விஷயத்தை வாய்விட்டுக் கேட்பார். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறதா, இந்த ஸிப் நெக்ஸஸ் 4 ஆகிய ‘மாகோ’வுக்குத்தானா, வேறு நெக்ஸஸுக்கா, எம்டி5 ஒத்துப் பார்த்தாயா, நாண்ட்ராய்டு பேக்கப் எடுத்தாயா, எடுத்ததைக் கம்ப்யூட்டருக்கு நகல் செய்தாயா, அல்லது அழியப்போகிற போனிலேயே வைத்திருக்கிறாயா. இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுகிற இரண்டு நோக்களில் அவர் எதுவும் கேட்பதில்லை, பேசாமல் கடப்பார். ரோம் மாற்றுவது என்பது வீடு மாற்றுவதற்கு ஒப்பானது என்று அவர் நினைத்ததால், புறப்படும் முன் பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற அந்தக் கணத்துக்காகத்தான் அவற்றை அவர் விட்டு வைத்திருந்தார் என்று நானாக எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பட்டியலை அகற்றிவிடவும் ஒரு வழி உண்டு. கிளாக்வொர்க்மாட் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்குகிற ‘நோ கன்ஃபர்ம்’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துவிட்டால் கேள்வியே வராது; ‘ஒன் கன்ஃபர்ம்’ என்று வைத்தால் ஒரு நோவும் ஒரு யெஸ்ஸும் மட்டும் வரும். நாளுக்கு மூன்று ரோம் மாற்றுகிற நண்பர்கள் இதைப் பெரிய சௌகரியமாகக் கருதினார்கள். பதினொரு வரிகளையும் பழங்காலத்துப் பயம் என்றார்கள். அனுபவசாலிக்கு எச்சரிக்கை எதற்கு என்ற அவர்களுடைய வாதத்துக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எட்டாவது வரிக்கு நடந்து போவது எச்சரிக்கை அல்ல, அது வேலையின் ஒரு பகுதி. சுருதி சேர்க்கிற நேரத்தைக் கச்சேரியிலிருந்து கழிக்கலாமா?

ஆமோன்-ஆர்ஏ ரிக்கவரியை இன்னும் நேசிக்கிறவர்கள் சிலரை அறிவேன். குறிப்பிட்ட ஒரு விசையை அழுத்தினால் சம்மதம், வேறு எதை அழுத்தினாலும் பின்வாங்கல் என்ற அதன் முறையில் ஒரு கம்பீரம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். எச்டிசி ட்ரீம், மேஜிக் காலத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. அந்தக் காலத்தின் அபாயம் எத்தகையது என்பதற்கு, 2008-ன் இறுதியில் ஜி1 என்ற பெயரில் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் இருந்த குறையைச் சொன்னாலே விளங்கும். அதன் விசைப்பலகையில் எங்கே எதை எழுதினாலும், பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிய ரூட் ஷெல்லுக்கும் அது போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நண்பருக்கு எழுதும் செய்தியில் ‘ரீபூட்’ என்ற சொல்லைத் தட்டி எண்டர் அழுத்தியவரின் போன் உடனே அணைந்து எழுந்தது. ரூட் என்ற அதிகாரம் பொதுமக்கள் கைக்கு வந்தது இப்படி, கேள்வியே இல்லாத ஒரு வாசல் வழியாகத்தான். ஜீசஸ்ஃப்ரீக் என்ற பெயரில் அறியப்பட்டவர் அந்த வாசலால் நுழைந்தவர்களுக்கென்று ரிக்கவரியைத் திருத்தி அமைத்த நாள்முதல், அதிகாரம் கைக்கு வந்தபின் அதை எப்படி நிதானமாகச் செலுத்துவது என்ற பாடத்தை நமக்கு ஒவ்வொரு ரிக்கவரியும் தன் பாணியில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது.

டிடபிள்யூஆர்பி பக்ஷத்தவர்களுடன் எனக்கு உள்ள பிணக்கு பழையது. 2011-ல் தோன்றி, இரண்டாம் பதிப்பிலேயே தொடுதிரைக்கு வந்து, டீஸ்-டிராயின் உழைப்பால் எண்ணற்ற போன்களுக்குப் பரவிய அந்த ரிக்கவரியின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பூட்டிய தரவைக் கடவுச்சொல் வாங்கித் திறப்பதும், பேக்கப்பைப் பகுதி பகுதியாக எடுப்பதும், ரிக்கவரிக்குள்ளேயே கோப்புகளை உலாவிப் பார்க்க வைப்பதும் அதனால்தான் வழக்கமாயின. கிளாக்வொர்க்மாட் 6, பேக்கப்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி ‘பிளாப்ஸ்’ என்ற கோப்புறையில் குவித்து வைக்க, அதைக் குப்பை என்று எண்ணி அழித்து எல்லாப் பேக்கப்புகளையும் இழந்தவர்கள் உண்டு. அந்த விஷயத்தில் டிடபிள்யூஆர்பியின் முறையே தெளிவானது. ஆனால் காரியம் என்று வந்தால் அது காட்டுவது ஒரு கீற்று. இடமிருந்து வலமாக இழுத்தால் சம்மதம். திரையைத் திறக்கவும், அழைப்பை எடுக்கவும், அலாரத்தை நிறுத்தவும் நாள் முழுவதும் இழுத்துப் பழகிய விரல் அது. துடைப்பதற்கான பட்டியலில் இண்டர்னல் ஸ்டோரேஜ் என்ற கட்டத்திலும் குறி விழுந்திருந்ததைக் காணாமல், ஒரு நள்ளிரவில் நான் அப்படி இழுத்துவிட்டேன். பாட்டியின் கடைசித் தீபாவளிப் படங்கள் அதோடு போயின. ஏழு முறை நோ என்று படித்திருந்தால் அந்தக் குறி என் கண்ணில் பட்டிருக்குமா என்பதை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்; பட்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அதே டிடபிள்யூஆர்பியில் தரவு முழுவதையும் ஃபார்மட் செய்ய வேண்டுமானால் ‘யெஸ்’ என்று எழுத்தெழுத்தாகத் தட்டச் சொல்கிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைச் செய்தவர் பழைய பட்டியலின் வாரிசு என்று நான் நம்புகிறேன்.

இப்போது இந்த வாதத்துக்கே இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2016-ல் பிக்ஸலோடு வந்த இரட்டை ஸ்லாட் ஏற்பாட்டில் ரிக்கவரிக்கென்று தனிப் பார்ட்டிஷன் இல்லாமல், அது பூட் இமேஜுக்குள்ளேயே குடிபுகுந்தது. அதே ஆண்டு தோன்றிய மேஜிஸ்க், சிஸ்டத்தைத் தொடாமல் பூட் இமேஜை ஒட்டுப்போட்டே ரூட் தந்துவிட, அதே ஆண்டின் கடைசியில் சயனோஜன்மாட் ரோம் திட்டமும் மூடப்பட்டது. ஆண்ட்ராய்டு 10-ல் சிஸ்டம் முதலானவை ‘சூப்பர்’ என்ற ஒரே பார்ட்டிஷனுக்குள் கரைந்தன. புதிய போன்கள் பலவற்றுக்கு டிடபிள்யூஆர்பியே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பல சமயம் தரவைத் திறக்க மாட்டாமல் கோப்புறைப் பெயர்களைப் பொருளற்ற எழுத்துக் குவியலாகக் காட்டுகிறது. நாண்ட்ராய்டு எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகப் பரிசோதனை செய்கிற வழக்கம் அருகிப்போய், கெட்டால் முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம் என்ற மனோபாவம் வந்துவிட்டது. பாதுகாப்பு மேலோங்கியதை நான் குறையாகச் சொல்லவில்லை. அண்ணன் இருந்திருந்தால் எங்கே நின்று என்ன கேட்டிருப்பார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நெக்ஸஸ் 4 இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பின்புறக் கண்ணாடியில் ஒரு விரிசல். மற்றபடி உயிரோடுதான் இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றி, வால்யூமையும் பவரையும் பிடித்து, திறந்த பூட்டின் சின்னம் தோன்றி மறைய, தொப்பியும் சக்கரமும் வந்ததும் ஏதேனும் ஒரு ஸிப்பைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலை வரவழைப்பேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு இறங்கி, எட்டாவது வரியில் சற்று நின்று, மறுபடி ஒரு படி கீழே போய், ஒன்பதாவதில் பவர் பொத்தானை அழுத்தித் திரும்பிவிடுவேன்.