உருமி வீசும் சோழப் படை

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கணினி ஆட்டத்துக்கு 2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கம் திராவிடரைக் களமிறக்கியது. இராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதையே உண்டு.

ஆட்டக்காரர்கள் இந்தப் படையைப் பற்றி வாதிட்டு ஓய்வதில்லை. கடலில் திரிசடைக் கப்பல் அசத்துகிறது. திறந்த தரையிலோ 'நைட்' குதிரைப்படை இல்லாதது கையைக் கட்டிப்போடுகிறது. நியாயமான குறைதான். ஆனால் உருமி என்ற சுருள்வாளை ஏந்திய வீரன் களத்தில் இறங்கும் அழகே தனி! ஆற்றல் சேர்ந்ததும் ஒரே வீச்சில், எதிரே நிற்பவனோடு பக்கத்தில் நிற்பவர்களையும் பதம் பார்க்கிறான். வூட்ஸ் எஃகு நுட்பம் கைவந்துவிட்டால் எதிரியின் கவசம் செல்லாக்காசு.

மெலாவத்திக் குன்றின் பீரங்கிகளைப் பார்த்து வளரும் கோலசிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. 1025இல் இராஜேந்திரன் படை தாக்கிய கடாரம், இன்றைய மலேசியாவின் கெடாதான். 2016இல் வந்த மலாய்ப் படையும் அதே ஆட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் ஆடிப் பாருங்கள்.